சம்பந்தி அனுப்பிய எஞ்சின்

என் அண்ணன் பேரின்பநாதனின் காரில் பின்சீற் கிடையாது. வாங்கிய கிழமையே அதைக் கழற்றி பேஸ்மென்டில் போட்டுவிட்டார். அந்த இடம் முழுக்க இடியப்பப் பெட்டிகளுக்கு. பின்கதவைத் தூக்கிவிட்டால் இரண்டு பக்கமும் கைபோட்டுப் பெட்டிகளை இறக்கலாம். சின்ன ஜப்பான் கார், பதினேழு வயது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் கவலைப்பட்டதில்லை.

அதற்கு முன் அவர் சென்ட் லோரன்ட்டில் விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். அந்தப் பகுதியை நிர்வாகம் மெக்சிகோவுக்கு மாற்றியபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. பிரெஞ்சு, தொழிற்சாலைக்குப் போதுமான அளவு. அந்த வயதில் அந்தப் பிரெஞ்சோடு யாரும் வேலை தரவில்லை. சிவமலர் அண்ணி ஏற்கெனவே கோயில் ஆட்களுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துவந்தவர். அதையே தொழிலாக்கினார்கள். கார்ட்டியர்வில்லில் நாங்கள் இருந்த வீட்டில் மேல்தளம் அவர்களுடையது, கீழ்த்தளம் எங்களுடையது. விடியுமுன் மேலேயிருந்து நீராவி மணம் இறங்கிவரும். அண்ணி அவிப்பார், அண்ணன் ஓடுவார். பார்க் எக்ஸ்டென்ஷனில் நான்கு கடை, ஜான்-டலோன் பக்கம் ஒன்று. வேலைக்குப் போகிறவர்கள் பத்து இடியப்பமும் சம்பலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். ஆறு மணிக்குப் பெட்டி கடையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் கடைக்காரர் பொறுப்பார். ஒரு மாதம் தவறினால் வேறு ஆள் வந்துவிடுவான். அந்தச் சின்னக் கார் ஓடினால்தான் அந்த வீட்டில் உலை வைக்கலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஜூலை மாதம் ஒரு நாள் மெற்றோபொலிற்றன் மேம்பாலத்தில் காரின் தண்ணீர்க் குழாய் வெடித்தது. அந்தப் பாலத்தில் ஒதுங்கி நிற்க இடமில்லை. பின்னால் லொறி. அடுத்த இறக்கம் வரும்வரை ஓட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. இறங்கும்போது எஞ்சின் வெந்துபோயிருந்தது. எஞ்சினின் தலைமூடி வளைந்து, அதன் உடலிலும் வெடிப்பு.

"வேற கார் பாப்பம் அண்ணை. இது கிழடு" என்றேன்.

"கீழ குனிஞ்சு பாத்திட்டுக் கதை. உப்பு ஒரு இடத்திலையும் தின்னேல்லை."

அது உண்மை. இந்த ஊரில் பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு கார்களை அடியிலிருந்து தின்றுவிடும். எஞ்சின் நன்றாக இருக்கும், தரை ஓட்டையாக இருக்கும். அண்ணன் ஒவ்வொரு ஒக்டோபரும் காரை உயர்த்தி, கீழே படுத்து, தானே எண்ணெய் அடிப்பார். ஏழெட்டாயிரத்துக்கு வாங்கக்கூடிய பழைய கார்களைப் போய்ப் பார்த்தோம். எல்லாம் மேலே பளபளப்பு, கீழே பொடி.

"எஞ்சின் எண்டது கழட்டிப் பூட்டுற சாமான். உடம்பு உக்கினால்தான் கார் செத்தது" என்றார்.

மூவாயிரம் டொலருக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் கையில் இல்லை. குசினி மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பழைய எஞ்சினையே திருத்துவதென்றால் வெடித்த எஞ்சின் உடலுக்கு வழியில்லை. மகள் ரக்ஷனாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை டிலக்ஷன் ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்தான்.

"மாமா, இதே கொம்பனியின்ர பெரிய எஞ்சின் ஒண்டு இருக்கு. அந்த இடத்திலையே இருக்கும். நல்லாப் பாயும்."

"இடியப்பம் என்ன ரேஸுக்கே போகுது மருமகன்?"

அவன் சிரித்தான். ஆனால் அண்ணன் அதையும் விசாரிக்காமல் விடவில்லை. பெரிய எஞ்சின் விலை கொஞ்சம்தான் கூட. அதற்குப் பிறகு அதன் கம்ப்யூட்டர், வயர், தாங்கிகள், சைலன்சர், போதாததற்கு இன்சூரன்ஸ்காரனின் கேள்விகள். எஞ்சினை விட அதன் வால் நீளம். ஆகவே பழையதைப் போலவே ஒன்று: எஞ்சின் ஆயிரத்து நூறு, கூலி தொள்ளாயிரம். கியர்ப்பெட்டி எப்படியும் கழலும், ஆகவே அதே கையோடு கிளட்ச். தண்ணீர்ப் பம்ப், புதுக் குழாய்கள், தாங்கி ரப்பர்கள், எண்ணெய். மிச்சம் முந்நூறோ என்னவோ எதிர்பாராத செலவுக்கு.

"எதிர்பாராததுக்கும் கணக்கு வைச்சாச்சோ? அப்ப இனி ஒண்டும் நடக்காது" என்றார் அண்ணி.

பழைய கார்களைக் கழற்றி விற்கும் யார்ட்டுகளுக்கு அவருடன் நானும் போனேன். முதலாவது இடத்தில் எஞ்சின் முன்பக்கம் அடிபட்ட காரிலிருந்து எடுத்தது. அண்ணன் தொட்டும் பார்க்கவில்லை. இரண்டாவது, மூடியில்லாமல் ஒரு பனிக்காலம் முழுவதும் வெளியில் கிடந்தது. மூன்றாவது லாவலில். பின்னால் இடிபட்ட கார், முன்பக்கம் அப்படியே இருந்தது. அந்த ஆள் தானாகவே மானியைப் பூட்டி நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் காட்டினான். நான்கும் ஏறக்குறைய ஒன்று. ஆறு மாத உத்தரவாதம், எழுத்தில். வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்கிறேன் என்றான். வரும் வழியில் அண்ணன் ஒரு கோப்பிக்கடையில் காரை நிறுத்தச் சொல்லி எனக்கும் வாங்கித் தந்தார். அதுவரை அவர் வெளியில் காசு கொடுத்துக் கோப்பி குடித்து நான் கண்டதில்லை.

புதன்கிழமை பின்னேரம் தொலைபேசி வந்தது. டிலக்ஷனின் தகப்பன் உருத்திரமூர்த்தி. ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் பழைய கார்ச் சாமான்கள் வாங்கி விற்கிறவர். அண்ணனுக்குக் கையெல்லாம் மா. போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்ன சம்பந்தி, நாங்கள் இஞ்ச கடை போட்டு இருக்கிறம். நீங்கள் லாவலிலை வெள்ளையளிட்டைப் போய் நிக்கிறியளாம். சனம் கேள்விப்பட்டா என்ன நினைக்கும்?"

"இல்லை, உங்களுக்கேன் கரைச்சல் எண்டு…"

"என்ன கரைச்சல்? ஜப்பானிலையிருந்து இறக்கின எஞ்சின் ஒண்டு கிடக்கு. அறுபதாயிரம்தான் ஓடினது. வெளியாக்களுக்கு ஆயிரத்து எண்ணூறு. உங்களிட்டை லாபம் வைக்கேலுமே? ஆயிரத்து நானூறு தாங்கோ, காணும். வெள்ளிக்கிழமை லொறி வருது, ஏத்தி விடுறன்."

லாவல்காரனைவிட முந்நூறு டொலர் கூட. நான் கையால் சைகை காட்டினேன்: அழுத்தம் பார்த்ததா என்று கேளுங்கள். அண்ணன் தலையை ஆட்டினார். பிறகு மெல்ல, "நல்ல எஞ்சின்தானே சம்பந்தி?" என்றார்.

 அந்தப் பக்கம் சிரிப்பு.

"உங்கட மகளை நாங்கள் எக்ஸ்ரே எடுத்துப் பாத்தே எடுக்கிறம்?"

அண்ணனும் சிரித்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் மாவைக் குழைப்பதை நிறுத்தவில்லை.

போனை வைத்த பிறகுதான் அண்ணி வாயைத் திறந்தார். "ஒரு பேப்பர் தாங்கோ எண்டு கேட்டால் என்ன? விக்கிற மனிசன்தானே."

"எழுத்துக்கு ஆறு கிழமை கிடக்கு. இப்ப போய்ப் பேப்பர் கேக்கிறதோ?"

எழுத்து என்பது எங்கள் ஆட்கள் கலியாணத்துக்குப் பல மாதம் முன்னரே செய்துகொள்ளும் சட்டப் பதிவு. அது முடியும்வரை எல்லாம் வாய்ச்சொல்தான். பிள்ளைகள் தாங்களாகவே விரும்பினவர்கள். டிலக்ஷனின் தாய்க்கு அதில் முழு மனம் இல்லை. சீதனம் என்று வெளிப்படையாக யாரும் கேட்கவில்லை. ஆனால் இடியப்பம் விற்கிறவர் வீட்டுப் பிள்ளை என்று அந்த அம்மா யாரிடமோ சொன்னது சுற்றிச் சுற்றி இங்கே வந்து சேர்ந்திருந்தது. அந்தச் சொல் வந்த நாளிலிருந்து அண்ணன் ஸ்கார்பரோவுடன் பேசும்போது எழுந்து நின்றுதான் பேசுவார். அன்றும் நின்றுகொண்டுதான் பேசினார்.

வியாழன் காலை லாவல்காரனுக்கு எடுத்து, தொழிற்சாலைப் பிரெஞ்சில் எஞ்சின் வேண்டாம் என்றார். மன்னிப்புக் கேட்டு இரண்டு தடவை "தெசோலே" சொன்னார்.

எஞ்சினைப் பூட்டியவன் முகமது யாசின். ராமநாதபுரம் பக்கத்துப் பையன், முப்பது வயதிருக்கும். சென்ட் லோரன்ட்டில் ஒரு பெரிய கராஜுக்குள் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்திருந்தான். லொறியிலிருந்து இறக்கியதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் தட்டைத் தட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இந்தத் தட்டைக் கழட்டி உள்ள பேரிங்கைப் பாத்துரலாம். வெளிய கிடக்கும்போது ஒரு மணி நேர வேலை. உள்ள போட்டுட்டு அப்புறம் பாக்கணும்னா எல்லாத்தையும் திரும்ப இறக்கணும்."

"எவ்வளவு கேப்பீர்?"

"நூறு குடுங்க. சரி, அம்பது."

"வேண்டாம் தம்பி."

"அப்ப சும்மாவே பாக்கிறேன்ணே. எனக்கே மனசு கேக்கல."

"சும்மா எண்டாலும் வேண்டாம்."

யாசினுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. திறந்து பார்த்துப் பழுது என்று தெரிந்தால் அதை ஸ்கார்பரோவுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பூட்டினால் பைத்தியக்காரத்தனம். திறக்காவிட்டால் இரண்டும் தேவையில்லை. அண்ணன் முட்டாள் அல்ல. யார்ட்டுகளில் எஞ்சின் பார்த்த அதே மனிதர்தான் இதைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னவர்.

கார் நின்ற நாளிலிருந்து எஞ்சின் பூட்டி முடியும்வரை என் காரைக் கொடுத்தேன். அதில் பாதிப் பெட்டிதான் ஏறும். இரண்டு தரம் ஓட வேண்டும். கடைசிக் கடைக்குப் போகும்போது சனம் வேலைக்குப் போயிருக்கும். கடைக்காரர் கிருபானந்தன் இரண்டு தரம் போன் எடுத்தார், மரியாதையாகத்தான்.

எஞ்சின் ஓடியது. முதல் கிழமை அண்ணன் உற்சாகமாக இருந்தார். யாசினின் கராஜுக்கு இடைக்கிடை போய், அவனுக்கு முன்னாலேயே எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்ப்பார். ஒரு நாள் அவருடன் ஏறினேன். சமிக்ஞை விளக்கில் நின்று புறப்படும்போது அடியில் ஒரு தட்டல், யாரோ தகரத்தைச் சுண்டுவதுபோல.

"உனக்குக் கேக்குதோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"எனக்குக் கேக்கேல்லை." ரேடியோவைக் கூட்டினார்.

பூட்டி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. லக்காடி வீதியில், பெட்டிகள் நிறைந்திருக்க, எஞ்சின் தன் வயிற்றைத் தானே உடைத்துக்கொண்டு நின்றது. எண்ணெய் தெருவெல்லாம். நான் போய்ப் பெட்டிகளை மாற்றி ஏற்றியபோது அண்ணன் வீதி ஓரத்தில் நின்று போகிற வருகிற கார்களுக்குக் கை காட்டி விலகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாசின் கழற்றியபோது நானும் அண்ணனும் பக்கத்தில் நின்றோம். பேரிங் தகடுகள் தேய்ந்து செம்பு தெரிந்தது. பக்கத்தில் இருந்தவையும் அப்படியே.

"இது ரெண்டு வாரத்துத் தேய்மானம் இல்லண்ணே. வரும்போதே இப்படித்தான் வந்திருக்கு." தட்டின் விளிம்பைக் காட்டினான். உள்ளே பழைய பசை, அதற்கு மேல் வேறு நிறத்தில் புதுப் பசை. "ஏற்கெனவே யாரோ திறந்து பாத்துட்டு மூடியிருக்காங்க."

யார் என்று அவன் சொல்லவில்லை. ஸ்கார்பரோவா, அதற்கு முன் கைமாறிய இடமா, எனக்கும் இன்றுவரை தெரியாது.

அங்கேயே போன் அடித்தது. டிலக்ஷனுக்கு ரக்ஷனா சொல்லியிருப்பாள், அவன் தகப்பனுக்குச் சொல்லியிருப்பான். இந்த முறை அண்ணன் ஸ்பீக்கர் போடவில்லை. ஆனால் உருத்திரமூர்த்தியின் குரலுக்கு அது தேவையில்லை.

"என்னெண்டு சம்பந்தி போனது? ஒயில் பாத்தனீங்களோ?"

அண்ணன் அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இல்லை சம்பந்தி. இந்த அந்தரத்திலை ஒயில் பாக்க மறந்துபோனன்."

"அதுதானே பாத்தன். எங்கட எஞ்சின் அப்பிடிப் போகாது. சரி விடுங்கோ, ஆருக்கும் நடக்கிறதுதான். இன்னொண்டு வேணுமெண்டால் சொல்லுங்கோ. அதே விலைக்குப் பாத்துச் செய்வம்."

"ஓம் சம்பந்தி. சொல்லுறன்."

யாசின் கையிலிருந்த ஸ்பானரை வாளிக்குள் எறிந்தான். "என்னண்ணே இது? ஒயில் ஊத்தினது நான். இப்ப ஊரெல்லாம் என்ன சொல்லும்? யாசின் கடையில ஒயில் இல்லாம அனுப்பிட்டான்னு சொல்லும்."

"உம்மட பேர் சொல்ல மாட்டன் தம்பி. நான் மறந்ததெண்டுதான் சொன்னனான்."

"நீங்க சொல்ல வேணாம். சனம் சொல்லும்."

சொன்னார்கள். அந்த வருடம் எங்கள் ஆட்கள் பலர் அவனிடம் போவதை விட்டார்கள். அடுத்த வருடம் அவன் கல்கரிக்குப் போய்விட்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பிழை ஆரிலையோ இருக்கத்தானே வேணும்" என்றார். "அவையிலை இருந்தால் பிள்ளை எப்பிடி அந்த வீட்டுக்குப் போறது?"

மூவாயிரமும் முடிந்துவிட்டது. என் காரில் மறுபடி பாதிப் பாதியாக ஓடினார். கிருபானந்தன் அடுத்த கிழமை கடைக்கு வெளியே வந்து நின்று சொன்னார். "அண்ணை, குறை நினைக்கக் கூடாது. லாவலிலை ஒருத்தர் மிஷினிலை செய்து வானிலை கொண்டுவாறார். எனக்கு ஆறு மணிக்குச் சாமான் வேணும்." பெட்டிகளைத் தானே தூக்கி என் காரில் திரும்ப ஏற்றிவிட்டார். மற்றக் கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே. கிருபானந்தன் திருப்பிய இடியப்பத்தை அன்று மேலும் கீழும் இரண்டு வீட்டாரும் மூன்று நேரமும் சாப்பிட்டோம்.

அண்ணி சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரி ஒன்றில் சமையல் உதவிக்குப் போனார். அண்ணன் ஏஜென்சி மூலம் சென்ட் லோரன்ட்டில் ஒரு குளிர்சேமிப்புக் கிடங்கில் சேர்ந்தார். உறைந்த கோழிப் பெட்டிகளை அடுக்கும் வேலை. இரண்டு பஸ் மாற வேண்டும். கார் பின்சந்தில் நின்று, முதல் பனிக்கு முன் பழைய இரும்புக்குப் போனது. இழுத்துப் போக வந்தவன் கீழே குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல உடம்பை ஏன் விற்கிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டான். அண்ணன் அவனிடம் கார்ச் சாவியைக் கொடுத்தார்.

எழுத்து முடிந்தது. அடுத்த கோடையில் ரொறன்ரோவில் கலியாணம். மண்டபத்தில் உருத்திரமூர்த்தி ஒலிவாங்கியைப் பிடித்தார். நன்றாகப் பேசுவார். "எங்கட சம்பந்தி தங்கமான மனிசன். ஆனால் அவருக்கு எஞ்சின் மட்டும் குடுத்திடாதேங்கோ. ஒயில் எண்டு ஒண்டு இருக்கிறது அவருக்குத் தெரியாது." நானூறு பேர் சிரித்தார்கள். மணவறையில் ரக்ஷனாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். கையைக் கூப்பிச் சபைக்குக் காட்டினார். அதற்குப் பிறகு அது அவருடைய கதையாகிவிட்டது. பிறந்தநாள் வீட்டிலும் செத்தவீட்டிலும் அவரைக் கண்டால் யாராவது கேட்பார்கள்: "என்ன அண்ணை, ஒயில் பாத்தாச்சோ?" அவர் "ஓம் ஓம், பாத்தாச்சு" என்பார்.

இந்தப் பெப்ரவரியில் அவர் கிடங்கின் சாப்பாட்டறையில் கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். இருதயம். எஞ்சினால்தான் செத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தகப்பன் செத்ததும் அதே வயதில், அதே இருதய வருத்தத்தில்தான். ஆனால் அந்தக் கிடங்குக்கு அவர் ஏன் போனார் என்பது எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம், தொழிற்சாலை, மனைவி, மகள் என்று வழக்கம்போல எழுதிக் கொடுத்தேன். அச்சுச் செலவை உருத்திரமூர்த்தி ஏற்றுக்கொண்டார். வழுவழுப்பான தாள், எல்லாப் பக்கமும் வர்ணம். அவருடைய அஞ்சலி நடுப்பக்கத்தில், அவருடைய படத்துடன்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு ரக்ஷனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மலரை விரித்தபடி என்னிடம் வந்தாள். இங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள், வாசிக்க வராது.

"சித்தப்பா, மாமா என்ன எழுதியிருக்கிறார்? வாசிச்சுக் காட்டுங்கோ."

அண்ணி சுவரோடு கதிரையில் இருந்தார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மடியில் கிடந்த கைலேஞ்சியை மடிக்கத் தொடங்கினார். உருத்திரமூர்த்தி வாசலில் நின்று விருந்தினருக்குக் கோட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வாசித்தேன். குழந்தை உள்ளம் கொண்டவர், பிறருக்கு அள்ளிக் கொடுத்தவர், தன் காருக்கு எண்ணெய் விடக்கூட மறந்துபோகும் அப்பாவி மனிதர்.

"அப்பா அப்பிடித்தான்" என்றாள் ரக்ஷனா. சிரித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு போனை எடுத்து என் முன்னால் பிடித்தாள். "இன்னொருக்கால் வாசியுங்கோ சித்தப்பா, றெக்கோட் பண்ணுறன். இவன் வளர்ந்தாப் பேந்து போட்டுக் காட்டலாம்."

மலரை நிமிர்த்திப் பிடித்து முதலிலிருந்து வாசித்தேன்.